பரிசை அடுத்த பொங்கலுக்குக் கொடுங்கள்

குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்களுக்கும் காரியதரிசிகளுக்கும், அச்சங்கங்கள் நடத்தும் கைவினைப் போட்டிகளில் நடுவர்களாக அமரும் பெரியோர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பர்களே,

மார்கழி பாதி கழிந்து, போகிப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருக்கும் தறுவாயில், உங்கள் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டப்படுவது இப்போதெல்லாம் ஏறத்தாழ ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. வீட்டில் வேண்டாமென்று கழித்த சாமான்களைக் கொண்டு, வாசலையும் மொட்டைமாடியையும் சங்கத்துப் பூங்காவையும் அழகுபடுத்தக்கூடிய அலங்காரப் பொருள்களைச் செய்து கொண்டுவருவோருக்குப் பரிசு வழங்கப்படும் என்பது அதன் சாராம்சம். கிழிந்த பாயோடு பழைய டயரையும் பிளாஸ்டிக் வாளியையும் சேர்த்துத் தெருமுனையில் குவித்துக் கொளுத்தி, தை பிறக்கும் வேளையில் ஊரையே கரும்புகையில் மூழ்கடிக்க வேண்டாமென்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருக்கையில், அதற்குச் செவிசாய்த்து, எரிப்பதற்குப் பதிலாக ஆக்குவோம் என்று சங்கல்பம் செய்துகொண்ட உங்கள் நோக்கம் போற்றத்தக்கது என்பதில் எனக்கு லவலேசமும் ஐயமில்லை. நோக்கம் உயர்ந்ததாக இருப்பதனாலேயே, அது நிறைவேறும் விதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லத் துணிகிறேன்.

போட்டி அறிவித்த நாள்முதல் உங்கள் பக்கத்து எழுதுபொருள் கடையில் வியாபாரம் அமோகமாக நடக்கிறது. தெர்மகோல் அட்டை, ஜிகினாத் தூள், பளபளப்புக் காகிதம், சூட்டில் உருகும் பசைக்குச்சி, பிளாஸ்டிக் பூங்கொத்து, கட்டுக்கட்டாக ஐஸ் குச்சி என்று, ஐஸ் தின்னாமலே குச்சியும் மரமே பாராத பூவும் விலைக்கு வந்துவிடுகின்றன. பாட்டில் போதவில்லையென்று குளிர்பானத்தை வாங்கி அவசரமாகக் குடித்துத் தீர்க்கும் வீடுகளும் உண்டு. அலங்காரத்துக்கென்று தெர்மகோல் விற்பதையும் பயன்படுத்துவதையும் மத்திய அரசாங்கம் 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து நாடு முழுவதிலும் தடை செய்திருக்கிறது என்ற விஷயம், கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிற தாய்மாருக்கும் தெரியாது, பரிசு கொடுக்கிற நமக்கும் நினைவில்லை. கழிவுப் பொருளை அலங்கரிப்பதற்காகப் புதுப்பொருள் வாங்கி, பின்பு இரண்டையும் ஒன்றாகப் பசைபோட்டு ஒட்டி, இனி ஒருபோதும் பிரிக்க முடியாத மூன்றாவது கழிவொன்றை உண்டாக்குவதைத்தான் நாம் சிக்கனமென்றும் சுற்றுச்சூழல் பற்று என்றும் பாராட்டிக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதற்கப்பால் நடப்பதைப் பார்க்கப் பொறுமையுள்ளவர்கள் சிலரே. பரிசு பெற்ற பொருள்கள் சங்கத்துப் பூங்காவின் கம்பி வேலியில் வரிசையாகக் கட்டப்படுகின்றன. குறுக்கே வெட்டி, கண்ணும் அலகும் எழுதி, கிளியாகவும் வாத்தாகவும் உருமாற்றிய பாட்டில்கள். பிளாஸ்டிக் கரண்டிகளை அடுக்கிச் செய்த தாமரை. நெகிழிப் பையைக் கத்தரித்துச் சுருட்டிய ரோஜா. நூலில் தொங்கும் பழைய குறுந்தகடுகள். தை மாதத்து இளவெயிலில் அவை கண்ணைப் பறிப்பது மெய்தான். பங்குனியில் கிளியின் பச்சை திட்டுத்திட்டாக உரியத் தொடங்குகிறது. சித்திரையில் ரோஜாவைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டுகிறது. அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் கரண்டித் தாமரையின் இதழ்கள் மொறமொறவென்று ஒடிந்து புல்தரையில் சிதறி, எந்தத் துடைப்பத்துக்கும் அகப்படாத சில்லுகளாக மண்ணில் புதைகின்றன. குறுந்தகட்டின் வெள்ளிப் பூச்சு செதிள்செதிளாகக் கழன்று காற்றில் பறந்துபோக, மேகம் படிந்த வெறுந்தகடு மட்டும் நூலில் சுழன்றுகொண்டிருக்கிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக அறுத்துவிடுவதால் நேரும் காரியம் இது. பொருள் மறைந்துவிடுவதில்லை, பொறுக்கியெடுக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நம் முன்னோர்கள் வெளிவாசல் அலங்காரத்தில் இரண்டே இரண்டு ஜாதிகளைத்தான் அறிந்திருந்தார்கள். ஒன்று, அன்றைக்கே அழிவது: அரிசிமாவுக் கோலம் எறும்புக்கு ஆகாரமாகிறது, மாவிலைத் தோரணமும் தென்னங்குருத்துத் தோரணமும் வாடிச் சருகாகி எருக்குழியில் சேர்கின்றன. மற்றொன்று, வெயிலையும் மழையையும் இலட்சியம் செய்யாமல் தலைமுறை தலைமுறையாக நிற்பது: கல்லும், சுட்ட மண்ணும், சுதையும் அந்த வகை. ஒன்று மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும், அல்லது வெயிலுக்கு அசையாமல் நிற்கவேண்டும் என்பதே வெட்டவெளி அலங்காரத்தின் தர்மம். இன்று நம் வேலிகளில் தொங்குகிறவையோ இரண்டுங்கெட்டான்கள். நிற்கவும் வகையறியாமல், மறையவும் வழியறியாமல் தவிக்கும் பொருள்கள். அவற்றுக்குப் பரிசு கொடுத்து வளர்க்காதீர்கள் என்பதுதான் இந்த மடலில் நான் சொல்ல வந்த விஷயம்.

அப்படியானால் வீட்டில் கழித்த சாமான்களில் எதைத்தான் அலங்காரத்துக்கு எடுத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். அதற்கு இரண்டு பரீட்சைகள் போதுமென்பது என் அபிப்பிராயம். முதற் பரீட்சையைக் காயலான் கடைக்காரர் நடத்தித் தருவார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்களின் பரம்பரையில் வந்த அவர், செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பால்கவர், பித்தளை, அலுமினியம், பாட்டில் என்று ஒவ்வொன்றையும் இனம் பிரித்து, தராசில் நிறுத்து, காசு கொடுத்து எடுத்துப்போகிறார். அவர் எடுத்துப்போன தண்ணீர்ப் பாட்டில் நூலாகவும் துணியாகவும் மறுபிறவி எடுக்கக்கூடியது; அதே பாட்டிலின்மேல் நாம் எனாமல் வண்ணம் அடித்து, ஜிகினா தூவி, பசையால் துணிப்பூவை ஒட்டிவிட்டோமானால், அவர் அதைத் தராசின் பக்கமே அண்டவிட மாட்டார். ஆகவே அவர் எடுத்துக்கொள்வதையெல்லாம் அவருக்கே விட்டுவிடுவதுதான் நியாயம். அவர் கையில் எடுத்துப் பார்த்து, “இது வேண்டாம் சார், நீங்களே வெச்சுக்குங்க” என்று திருப்பிக் கொடுக்கிறாரே, அந்தக் குவியலில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

அந்தக் குவியலில் என்ன இருக்கும்? விளிம்பு போன பீங்கான் தட்டு, காது ஒடிந்த காப்பிக் கோப்பை, விரிசல் கண்ட ஊறுகாய் ஜாடி, குளியலறைச் சுவரில் பதித்தது போக மிஞ்சிய ஓட்டுத் துண்டு, உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடி, கண்ணாடி வளையல் துண்டுகள், வாய் உடைந்த மண்சட்டி. இவற்றை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. இவை மக்குவதுமில்லை, எரிவதுமில்லை. ஆனால் குப்பைப் பையில் கட்டிப்போட்ட இந்தச் சில்லுகள், அந்தப் பையை வெறுங்கையால் பிரிக்க நேரும் தூய்மைப் பணியாளரின் உள்ளங்கையைக் கிழிக்கின்றன என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதேயில்லை. ஒரு வீட்டுக் குப்பையில் மிகக் கொடிய பாகமும், எவருக்கும் பிரயோஜனப்படாத பாகமும் எதுவோ, அதையே எடுத்து அழகாக்க முடியுமானால், அதைக்காட்டிலும் பொருத்தமான கைவினை வேறென்ன இருக்கமுடியும்?

இரண்டாவது பரீட்சை வெயில் நடத்துவது. ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூளை நெருப்பை ஒருமுறை கண்டு மீண்டு வந்த பீங்கானைச் சித்திரை வெயில் என்ன செய்துவிடும்? அதன்மேல் இருக்கும் பளபளப்பு, தூரிகையால் பூசி உலரவைத்த வண்ணமல்ல. சூளையிலேயே உருகிப் படிந்து இறுகிய கண்ணாடி. ஆகையால் அது வெளுப்பதில்லை, உரிவதில்லை; மழை பெய்தால் குளித்து எழுந்தாற்போல முன்னைவிடப் பளிச்சிடுகிறது. காயலான் கடைக்காரர் தள்ளியதும், வெயில் தள்ள முடியாததும் ஒரே பொருளாக அமைந்துவிட்டது நம் பாக்கியமென்றே சொல்லவேண்டும்.

இது என் சொந்தக் கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவரையொருவர் அறியாமல், வெவ்வேறு தேசங்களில், வெவ்வேறு காரணங்களுக்காக இதே முடிவுக்கு வந்துசேர்ந்தவர்கள் உண்டு. ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகரில், அந்தோனி கௌடி என்னும் கட்டடக் கலைஞர் 1900-க்கும் 1914-க்கும் இடையில் அமைத்த குவெல் பூங்காவில், மொட்டைவெளியின் விளிம்பு நெடுகிலும் பாம்புபோல் நெளிந்தோடும் ஓர் ஆசனத் திண்ணை இருக்கிறது. வளைந்த பரப்பின்மேல் தட்டையான முழு ஓடு உட்காராது. உடைத்தால் எந்த வளைவிலும் உட்காரும். அந்தச் சாமானிய உண்மையைக் கண்டுகொண்டு, ஓட்டையும் கோப்பை தட்டுகளையும் நொறுக்கிப் பதித்த அந்தத் திண்ணையின்மேல் அவருடைய உதவியாளர் ஜுஜோல் இழைத்த வர்ணஜாலம், நூறாண்டுக்கு மேற்பட்ட வெயிலுக்குப் பிறகும் மங்காமல் இருப்பதைக் காணத்தான் உலகமெல்லாமிருந்து ஜனங்கள் வந்து குவிகிறார்கள். பாங்காக் நகரத்து ஆற்றங்கரையில் நிற்கும் அருண் ஆலயத்தின் கோபுரமும், சீனத்துப் பீங்கான் துண்டுகளைப் பூவும் கொடியுமாகப் பதித்த கோபுரமே.

அவர்களெல்லாம் அரசர்களும் தனவந்தர்களும் ஆதரித்த கலைஞர்கள் என்று சொல்வீர்களானால், நம் தேசத்திலேயே நேக் சந்த் இருக்கிறார். 1924-இல், இப்போது பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் பிறந்து, தேசப் பிரிவினையில் ஊரையிழந்து வந்த அவர், சண்டிகார் நகரம் கட்டப்பட்டபோது பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக உத்தியோகம் பார்த்தவர். கட்டடக் கலைஞர் லெ கார்புசியேயின் திட்டப்படி புதுநகரம் எழுவதற்காக இடிக்கப்பட்ட கிராமத்து வீடுகளின் உடைசல்களை, வேலைநேரம் முடிந்தபின் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய், சுக்னா ஏரிக்கு அருகில் கட்டடமே எழுப்பக்கூடாதென்று ஒதுக்கிவைத்திருந்த காட்டுப் பகுதியில் 1957 முதற்கொண்டு ஒருவருக்கும் தெரியாமல் சேர்த்துவந்தார். பீங்கான் கழுவுதொட்டியும், மின்சாரச் சாமானின் பீங்கான் உறுப்புகளும், உடைந்த கோப்பையும் சுவர்களாயின. வளையல் துண்டுகள் நாட்டியப் பெண்களுக்கு ஆடையாயின. 1970-களின் நடுவில் அதிகாரிகளின் கண்ணில் அது பட்டபோது, சட்டப்படி இடித்துத் தள்ளவேண்டிய ஆக்கிரமிப்பாகவே இருந்தது. ஆயினும் பொதுஜன அபிப்பிராயம் அவர் பக்கம் நின்றது. 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பணியாட்களும் சம்பளமும் தந்து, அவரையே அதன் பொறுப்பில் அமர்த்தினார்கள். 1984-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. நாற்பது ஏக்கர் வரை வளர்ந்துவிட்ட அந்தத் தோட்டத்துக்காக, உடைந்த சாமான்களைக் கொண்டுவந்து போடும்படி நகரத்தில் சேகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டதுதான் உங்களுக்கு நான் முக்கியமாகச் சுட்டிக்காட்ட விரும்பும் செய்தி; அதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னும் ஒருவர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வாட்ஸ் என்னும் பேட்டையில் வாழ்ந்த இத்தாலியத் தொழிலாளி சைமன் ரோடியா. பகலெல்லாம் கூலிவேலை செய்துவிட்டு, 1921 முதல் 1954 வரை முப்பத்துமூன்று ஆண்டுகள், சாரமும் கட்டாமல் தன்னந்தனியராக, இரும்புக் கம்பியைப் பின்னி, சிமெண்டு பூசி, பச்சையும் நீலமுமான பாட்டில் உடைசலையும் ஓட்டுத் துண்டையும் கடற்சிப்பியையும் பதித்து, ஏறத்தாழ நூறடி உயரம் வரை கோபுரங்களை எழுப்பினார். அண்டை அயல் வீட்டுப் பிள்ளைகள் உடைசல்களைப் பொறுக்கிக்கொண்டுவந்து அவரிடம் கொடுப்பார்களாம். அவர் அவ்விடத்தை விட்டுப்போன பிறகு, விழுந்துவிடும் அபாயமுள்ளது என்று கூறி நகராட்சியார் அதை இடிக்க ஆணையிட்டார்கள். அபிமானிகள் வழக்காடினார்கள். கடைசியில், 10,000 பவுண்டு விசையைக் கொடுத்து இழுத்துப் பார்ப்பது, அசைந்தால் இடிப்பது என்று முடிவாகி, 1959-இல் அந்தச் சோதனையும் நடந்தது. கோபுரம் நின்றது. அன்றைக்கு அங்கே நடுவராக இருந்தது அந்தப் பாரம். எவருடைய ரசனையும் முகதாட்சணியமும் அங்கே செல்லவில்லை. அப்படிப்பட்ட நடுவர் ஒருவர் நம் போட்டிகளுக்கும் வேண்டும்.

இனி, கையில் எடுத்துச் செய்யும் முறைக்கு வருகிறேன். பாதி பழுப்பும் பாதி வெண்மையுமாக ஒரு காலத்தில் எல்லா வீட்டுச் சமையலறையிலும் வீற்றிருந்த ஊறுகாய் ஜாடி ஒன்று விரிசல் விட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கோணிக்குள் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, சுத்தியலால் பதமாகத் தட்டவேண்டும். இந்தப் பாகம் பெரியவர்களுக்கே உரியது. பெரிய துண்டாக எடுத்தால் ஜாடியின் வளைவு துண்டிலும் இருந்து சுவரில் உட்காராமல் ஆடும். கட்டைவிரல் நகத்தளவுக்கு நொறுக்கிவிட்டால் வளைவு மறைந்து சொன்னபடி கேட்கும். கையில் குத்தும் முனைகளைச் சாணைக்கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துக்கொள்ளலாம். பதிக்கப்போகும் சுவர் சுண்ணாம்போ வண்ணமோ பூசியதாக இருந்தால், கொத்திவிட்டுக் கரடுமுரடாக்கினாலன்றி எந்தக் கலவையும் பிடிக்காது என்பதை எந்த மேஸ்திரியும் சொல்வார். ஒயிட் சிமெண்டும் சலித்த மணலுமாகக் குழைத்து, ஒரு கை பரப்பளவுக்கு மட்டும் கரணையால் பூசி, அது இறுகுமுன் துண்டுகளை அழுத்திக்கொண்டே போகவேண்டும். சிமெண்டு தோலை அரிக்குமாதலால் கையுறை அவசியம். மறுநாள் இடுக்குகளில் மெல்லிய கலவையை நிரப்பி, ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்து, ஒரு வாரம் வரை தினமும் தண்ணீர் தெளித்துவந்தால், அதன்பிறகு அது சுவரோடு சுவராகிவிடும்.

இதில் கைக்கு அகப்படும் விநோதங்களைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள். விளிம்பில் நீலக் கோடு ஓடும் தட்டுகளின் துண்டுகளைத் தனியே பொறுக்கி வரிசையாக அடுக்கினால், வெவ்வேறு வீட்டுத் தட்டுகளின் கோடுகள் ஒன்றோடொன்று கைகோத்து, தூண் முழுவதையும் சுற்றிவரும் ஒரே கரையாகிவிடுகின்றன. கோப்பையின் ஒடிந்த காது, யானையின் காதாகவோ பறவையின் வளைந்த கழுத்தாகவோ சுவரைவிட்டு எழுந்து நிற்கிறது. வளையல் துண்டுகளைப் படுக்கவைக்காமல் அரைவட்டமாக நிமிர்த்திப் புதைத்தால் மீனின் செதிளும் மயிலின் தோகையும் தாமாகவே வந்தமைகின்றன. ஓட்டுச் சில்லை எறிந்து பாண்டி ஆடியவர்களும், வளையல் துண்டுகளை விளக்குச் சுடரில் காட்டி வளைத்துச் சங்கிலி கோத்தவர்களும் உங்கள் சங்கத்து முதியோர் பிரிவில் நிச்சயமாக இருப்பார்கள். உடைசலின் அருமையை அவர்களுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

உடைந்த பாத்திரமும் உடைந்த கண்ணாடியும் வீட்டிலிருப்பது அமங்கலம் என்று சில தாய்மார் தயங்கலாம். வீட்டுக்குள் வைக்கச் சொல்லவில்லையே! விதைத்த கொல்லையின் நடுவே, ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பால் கண்ணும் மூக்கும் பொட்டுப்பொட்டாக எழுதி, கிழிந்த சட்டையை மாட்டி நிறுத்திய பொம்மையைக் காட்டிலும் பழமையான வெளியலங்காரம் நம் நாட்டில் எது? வீட்டுக்குள் ஆகாத சட்டி வெளியே காவலுக்கு நின்றிருக்கிறது. சம்பிரதாயம் நம் பக்கம்தான் இருக்கிறது.

பீங்கானைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்று நான் பிடிவாதம் செய்யவில்லை. மின்சார அரைவை யந்திரம் வந்த பிறகு கொல்லைப்புறத்திலும் தெருவோரத்திலும் அநாதையாகக் கிடக்கும் ஆட்டுக்கல்லும் உரலும், வெயிலின் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவை. ஆட்டுக்கல்லின் குழியில் சேறிட்டு நீர் நிரப்பி அல்லிக்கொடி வைத்துப் பாருங்கள். அதைப்போல் கம்பீரமான தொட்டியை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது. பழைய தையல் யந்திரத்தின் இரும்புக் கால்கள் காயலான் கடைக்குப் போகவேண்டியவையே எனினும், அந்தக் கொடிவேலைப்பாட்டுக்காக அவற்றை நிறுத்திவைத்துத் தோட்டத்து மேசையாக்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்த பிறகே வண்ணம் பூசவேண்டும். கடற்காற்று வீசும் ஊர்களில் அந்தச் சிரமத்தை அவ்வப்போது திரும்பவும் படத்தான் வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக விலக்குங்கள்: கவனிப்பாரற்றுத் தண்ணீர் தேங்கும் எதையும். பழைய டயரைக் குடைந்து அன்னப்பறவையாக்கி, வெள்ளையடித்து, முதுகில் செடி வைப்பது இப்போது பரவலாகிவருகிறது. டயரின் உட்குழிவில் நிற்கும் மழைநீரை எப்படிக் கவிழ்த்தாலும் முழுவதும் கொட்டமுடிவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய குழிவில் நீர்மட்டத்தை ஒட்டி இடும் முட்டைகள், நீர் வற்றிப்போனாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். அதே ஏடிஸ் வகையைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசு 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் வட்டாரத்தில் வேரூன்றிவிட்டதாகக் கண்டறியப்பட்டபோது, அது கடல் கடந்து வந்த வழி, இறக்குமதியான பழைய டயர்களே என்று ஆராய்ச்சியாளர்கள் தெரிந்துகொண்டார்கள். ஆகவே டயர் வேண்டாம். டப்பாவோ சட்டியோ தொட்டியானால் அடியில் துளையிருக்கட்டும். ஆட்டுக்கல் அல்லிக்குளத்தில் கப்பி மீன் நாலைந்து விட்டுவைத்தால் கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும்.

அழகோடு உபயோகமும் வேண்டுமென்போருக்கு மொட்டைமாடி காத்திருக்கிறது. வெண்ணிற ஓட்டுத் துண்டுகளை நெருக்கமாகப் பதித்த தளம் வெயிலைத் திருப்பியனுப்பி, கீழ் அறையின் உஷ்ணத்தைத் தணிக்கும். அகமதாபாத்தில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி தம் அலுவலகத்துக்கென்று எழுப்பிய ‘சங்கத்’ கட்டடத்தின் வளைகூரைகள், உடைந்த வெண்பீங்கான் போர்த்தியவையே. உலகப் புகழ்பெற்ற பிரிட்ஸ்கர் பரிசை 2018-இல் பெற்ற ஒருவர், தம் தலைக்குமேல் உடைசலை வைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை.

இவ்வளவும் சொன்னது, உங்கள் போட்டியின் விதிகளைச் சற்றே திருத்தியமைக்க வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்வதற்காகத்தான்.

முதலாவதாக, சங்கத்து வாயிலில் ஒரு கெட்டியான மரப்பெட்டியோ சிமெண்டுத் தொட்டியோ வைத்து, ஆண்டு முழுவதும் வீடுகளில் உடையும் பீங்கானையும் கண்ணாடியையும் அதில் மட்டும் போடச்சொல்லுங்கள். சண்டிகாரில் நடந்தது இங்கே ஒரு தெருவின் அளவில் நடக்கட்டும். போட்டி நடந்தாலும் நடக்காவிட்டாலும், குப்பை எடுக்கவருவோரின் கைகள் அன்றுமுதல் பிழைக்கும்.

இரண்டாவதாக, தையல் யந்திரக் கால் போன்ற வேலைப்பாடுள்ள இரும்பைத் தவிர, காயலான் கடையில் விலைபோகும் பொருளுக்கும், போட்டிக்காகக் கடையில் வாங்கிய பொருளுக்கும் இடமில்லையென்று அறிவித்துவிடுங்கள். சிமெண்டு, மணல், கம்பி, துருவுக்கு அடிக்கும் பூச்சு ஆகிய நான்குக்கு மட்டும் விலக்கு அளித்தால் போதும். அந்தச் செலவைச் சங்கமே ஏற்று, ஒரு மேஸ்திரிக்கு ஒருநாள் கூலி கொடுத்து அழைத்துவந்து, பிள்ளைகளுக்குக் கலவை குழைக்கும் பக்குவத்தையும் கரணை பிடிக்கும் லாகவத்தையும் காட்டச்சொன்னால், நடுவர்களுக்கு நீங்கள் போர்த்தும் பொன்னாடையைவிட அது பன்மடங்கு பயனுடையதாகும்.

மூன்றாவதாக, தனித்தனி மேசையில் தனித்தனிப் பொம்மையாக வைக்காமல், சுற்றுச்சுவரின் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு மூன்றடி என்று பங்கிட்டுக் கொடுங்கள். வாடகைக் குடித்தனக்காரர் அடுத்த ஆண்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடலாம். அவர் வீட்டு ஊறுகாய் ஜாடி அங்கேயே இருக்கும், அடுத்துக் குடிவருகிற பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று காட்டிக்கொண்டு.

நான்காவதாகவும் முடிவாகவும், வேலைப்பாடுகளை இந்தப் பொங்கலுக்குக் காட்சிக்கு வையுங்கள். பரிசை அடுத்த பொங்கலுக்குக் கொடுங்கள். பங்குபெற்ற பிள்ளைகள் அனைவருக்கும் அன்றைக்கே ஒரு புத்தகமும் கரும்புத் துண்டும் கொடுத்து உற்சாகப்படுத்துவதை எவரும் தடுக்கவில்லை. முதற்பரிசு மட்டும் காத்திருக்கட்டும். அக்கினி நட்சத்திரத்தின் காய்ச்சலையும் ஐப்பசி கார்த்திகையின் அடைமழையையும் கடந்துவந்து, வெளுக்காமல், உரியாமல், ஒரு சில்லுகூட மண்ணில் உதிராமல், ஒரு கொசுவுக்கும் இடம்கொடாமல் நிற்கும் வேலை எது என்று, ஓராண்டு கழித்துச் சுவரோரமாக நடந்து பார்த்தால் போதும். சிபாரிசும் மனத்தாங்கலும் எழ வழியேயிராது. ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்னால் பிள்ளைகள் பொறுப்பார்களா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய சமாதானம் இது: பிள்ளைகள் பள்ளிக்கூடத் தேர்வுக்குக் கூட ஒரு வருஷம் காத்திருக்கிறார்கள், தான் பதித்த துண்டு மழையில் நிற்கிறதா என்று பள்ளி விட்டு வரும் வழியில் தொட்டுப்பார்த்துக்கொண்டே வரும் பிள்ளைக்கு, அந்த வருஷம் நீளமாயிராது.

இந்த மார்கழியில் உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகும் காகிதத்தில் தேதி ஒன்றை மாற்றினால் போதும், மற்ற விதிகள் தாமாகவே பின்தொடரும். ஓராண்டு வெயிலில் நிற்கவேண்டும் என்று தெரிந்த பிறகு தெர்மகோலை எவரும் வாங்கமாட்டார்கள். செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவரும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் சங்கங்களில் ஒன்றின் சந்தாதாரன்